ஒரு வீட்டில் மட்டும் புகை

சலே
5 ஜூலை 1954

அன்புத் தம்பி மெக்கிக்கு, அக்கா பத்தூல் ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உன் மச்சான் ஜிலாலியும் அல்லாஹ் கிருபையால் நலம். போன மாதம் உனக்குப் பிடித்த இருமல் விட்டதா? டாஞ்சியர் கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போ. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இதை பஸ் ஓட்டும் புவஸ்ஸா கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் பிரெஞ்சுக்காரன் படித்துவிடுவான். நீ நடத்திய பள்ளிக்கூடத்தை மூடி உன்னைத் தன் ஆட்சிக்கு வெளியே, எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியவனுக்கு, உன் அக்காவின் எழுத்தைப் படிக்கும் பாக்கியம் வேறு வேண்டுமா?

சுல்தானை விமானத்தில் ஏற்றி நாடு கடத்திவிட்டு, அவர் இடத்தில் ஒரு கிழவரை உட்காரவைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இப்போது நம் தெருவைப் பார்க்க வேண்டும்! வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் அந்தக் கிழவர் பெயரைச் சொல்ல இமாம் வாயெடுத்ததும் ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு மூக்கில் ரத்தம், ஒருவருக்கு வீட்டில் பால் பொங்குகிறது. பள்ளிவாசலில் தூண்கள்தான் மிச்சம். சிகரெட் விற்ற காசு பிரெஞ்சுக்காரனுக்குப் போகிறது என்று ஆண்கள் யாரும் புகைப்பதில்லை. உன் மச்சானும் விட்டுவிட்டார். கிராம்பை மென்றுகொண்டு, கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுகிறார்.

இப்போது எல்லார் வாயிலும் ஹஜ்ஜுப் பெருநாள் பேச்சுதான். சுல்தான் முதல் கடாவை அறுத்த பிறகுதானே இந்த நாட்டில் மற்றவர்கள் கத்தியை எடுப்போம்? அவர் இல்லாதபோது யாருக்குப் பின்னால் அறுப்பது? எந்த வீட்டிலும் குர்பானி கிடையாது என்று ஹம்மாமில் குளித்துக்கொண்டே பெண்கள் முடிவு செய்துவிட்டோம்.

பக்கத்து வீட்டு ரக்கியாதான் இழுத்தாள். "புள்ளைங்க கறி கேட்டு அழுமேடி."

"அழட்டும். பிரெஞ்சுக்காரன் ஆபீஸ் வாசல்ல கூட்டிட்டுப் போய் அழ விடு. சத்தம் நல்லாக் கேக்கும்" என்றேன்.

ஆனால் தம்பி, நம் வீட்டுக்குத்தான் தலைவலி. தெருவில் யார் பிறந்தார், யார் செத்தார், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார் என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் முகத்தம் வேலை உன் மச்சானுக்கு. பிரெஞ்சு அதிகாரி அவரைக் கூப்பிட்டு ஒரு கடா கொடுத்திருக்கிறான். "பெருநாளன்னைக்கு ஒவ்வொரு மாடியிலயும் புகை எழும்பணும். மொதல்ல உங்க மாடியில. எழும்பலேன்னா வேலையும் போகும், நீங்களும் உள்ள போவீங்க" என்றானாம். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, அவனுடைய சிப்பந்தி அந்தக் கடாவை இழுத்துவந்து நம் வாசலில் கட்டிவிட்டுப் போனான். இடப்பக்கக் கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. நான் அதற்குக் கொம்பொடிஞ்சான் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் துவைத்த துணியைத் தின்கிறான்.

என்ன செய்வது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பத்தூல்


டாஞ்சியர்
14 ஜூலை 1954

என் அருமை அக்காவுக்கு, தம்பி மெக்கியின் ஸலாம். உன் கடிதம் வந்த அன்றே இருமல் போய்விட்டது. மச்சானுக்கும் என் ஸலாம் சொல்.

அக்கா, இங்கே காற்றே வேறு மாதிரி வீசுகிறது! என் அறைக்கு இடப்பக்கம் அமெரிக்கர்களின் வானொலி நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிறார்கள். வலப்பக்கக் காப்பிக் கடையில் நாள் முழுக்க கெய்ரோ வானொலி. மே மாதம் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை விழுந்த செய்தி வந்தபோது கடைக்காரர் பலகைமேல் ஏறி நின்று, "இன்னைக்கு யாரும் டீக்குக் காசு தரக்கூடாது!" என்று கத்தினார். எகிப்தைப் பார், துனீசியாவைப் பார். உலகமே ஒரு பக்கம் புரண்டு படுக்கிறது. நம் முறையும் வரும்.

உன் கேள்விக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வகுப்பில் ஆசிரியரை வெளியே தள்ளிவிட்டு, வாசல் காவல்காரனை நாற்காலியில் உட்காரவைத்து, "இனி இவரிடம் பாடம் ஒப்பியுங்கள்" என்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை அவன் காவல்காரன்தான். முதல் வரிசையில் ஒரே ஒரு பையன் எழுந்து ஒப்பித்துவிட்டால் போதும், அவன் ஆசிரியர் ஆகிவிடுவான். மச்சான் உட்கார்ந்திருப்பது முதல் வரிசையில். இதை அவரிடம் இப்படியே சொல். வேலை போனால் போகட்டும்.

அறுக்க வேண்டாம் அக்கா. அறுத்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

உங்கள் இருவர் நலமும் நாடும்,
மெக்கி


சலே
12 ஆகஸ்ட் 1954

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம், சிரிப்போடு.

நலமாக இருக்கிறோம். வயிறு வலிக்கிறது, அது சிரித்ததால்.

உன் உதாரணத்தை உன் மச்சானிடம் அப்படியே சொன்னேன். கிராம்பைத் துப்பிவிட்டு, "ஒப்பிக்கவும் மாட்டேன், அடி வாங்கவும் மாட்டேன். அதுக்கு உங்க வாத்தியார் தம்பி வழி சொல்லலியா?" என்றார். வழியை நான்தான் சொன்னேன்.

பெருநாளுக்கு முதல் நாள் காலையில் கொம்பொடிஞ்சானின் வாயைத் துணியால் கட்டி, கை வண்டியில் படுக்கவைத்து, மேலே புதினாக் கட்டுகளை அடுக்கி, ஊருக்கு வெளியே உன் மச்சானின் கூட்டாளி தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். வழியில் துணி அவிழ்ந்து அவன் கத்த ஆரம்பித்தான். உன் மச்சான் உடனே வண்டியைப் பிடித்துக்கொண்டு ஆடு மாதிரியே இருமினார். எதிரே வந்த சிப்பாய், "என்னய்யா, நெஞ்சில சளியா?" என்றான். "ஆமாங்க, சிகரெட்ட விட்டதுலேர்ந்து" என்றார். சிப்பாய் ஒரு சிகரெட்டை நீட்டினான்! உன் மச்சான் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பெருநாள் காலை. ஊரில் ஒரு மாடியிலும் புகை இல்லை. அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததே இல்லை தம்பி. கடல்வரை துடைத்துவிட்ட மாதிரி. அதிகாரி தன் ஆபீஸ் மாடியில் தூரக்கண்ணாடியோடு நின்றான். நான் என் கல்யாண மெத்தையைப் பிரித்து ஆட்டுமயிரை எடுத்து, கசாப்புக்கடையில் முன்பே வாங்கி வைத்த கொழுப்போடு மாடியில் கரியடுப்பில் போட்டேன். என்ன நாற்றம்! என்ன புகை! உன் மச்சான் முற்றத்தில் ஒரு சேவலை அறுத்து, ரத்தம் சாக்கடையில் ஓடும்படி விட்டார். சற்று நேரத்தில் சிப்பந்தி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்து, "சரி, சரி" என்று போய்விட்டான். நாங்கள் சேவலைச் சாப்பிட்டோம்.

ஆக, நம் வீட்டில் யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை. காவல்காரனால் நமக்கு ஒரு மெத்தைதான் நஷ்டம்.

ரக்கியா மட்டும் காலையிலிருந்து கதவைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை போல. நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
பத்தூல்


டாஞ்சியர்
20 செப்டம்பர் 1954

அக்காவுக்கு மெக்கியின் ஸலாம். நலமா?

ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. சுல்தானை நாடு கடத்தி ஒரு வருஷம் ஆன நாளில் நடந்த கலவரங்களால் எல்லையில் பஸ்களை நிறுத்திவிட்டார்கள் என்று தெரியும். புவஸ்ஸாவையும் காணவில்லை. அதனால் இதை வேறொருவர் மூலம் அனுப்புகிறேன்.

கடிதம் வரவில்லையே தவிர, செய்தி வந்தது. பெருநாளன்று சலே முழுக்க வானம் சுத்தமாக இருந்ததாம். இங்கே காப்பிக் கடையில் அதைச் சொன்னபோது ஆட்கள் எழுந்து நின்றார்கள். பிறகு சொன்னவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: ஒரு வீட்டில் மட்டும் புகை.

அது எந்த வீடு என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வார்த்தையில் பதில் எழுது அக்கா. மச்சான் அறுத்தாரா, இல்லையா?

போன வாரம் நம் ஊர்க்காரர் இருவர் என் அறைக்கு வந்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். உட்கார்ந்து பேசினார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மெக்கி


சலே
2 அக்டோபர் 1954

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் எழுதியது உனக்குக் கிடைத்ததா? ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வராததால் கேட்கிறேன். புவஸ்ஸா திரும்பி வரவில்லை. இதை மீன் வண்டிக்காரர் எடுத்துப் போகிறார். அது கிடைக்காமல் போயிருந்தால் இதை மட்டும் தெரிந்துகொள்: நாங்கள் அறுக்கவில்லை. நான் எரித்தது மெத்தையின் மயிர். கடா உயிரோடு தோட்டத்தில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரனை ஏமாற்றப் போட்ட புகையில் தெருவே ஏமாந்துவிட்டது தம்பி! அந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. ரக்கியா என்னைக் கண்டால் முகத்திரையை இறக்கிக்கொள்கிறாள். ஹம்மாமில் நான் நுழைந்தால் வாளிச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. ரொட்டி மாவைத் தெரு அடுப்புக்கு அனுப்பினால் வேகாமல் திரும்பி வருகிறது. நேரில் போய்க் கேட்டேன்.

அடுப்புக்கார அல்லால் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "அடுப்புல எடமில்லீங்க."

"இவ்வளவு பெரிய அடுப்புல என் நாலு ரொட்டிக்கு எடமில்லையா?"

"உங்க வீட்லதான் நல்லா நெருப்பு இருக்கே. மாடியில போட்டுக்குங்க."

வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கடா உயிரோடிருக்கிறது என்று தெருவுக்குச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அதிகாரி காதுக்குப் போய்விடும். உன் மச்சானைக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால் நம்மவர்களே விடமாட்டார்கள். போன திங்கட்கிழமை காலையில் வாசல்படியில் ஒரு தோட்டா இருந்தது. யாரும் தவறவிட்டுப் போனதில்லை அது. பெருக்கித் துடைத்த படியில் நட்டு வைத்ததுபோல் நின்றது. பக்கத்து ஊரில் ஒரு முகத்தம் இதேபோல் தோட்டா வந்து சில நாளில் சந்தையில் சுடப்பட்டார்.

தம்பி, துப்பாக்கி வைத்திருக்கிற நம் ஆட்களை உனக்குத் தெரியும். அவர்கள் உன் பேச்சைக் கேட்பார்கள். "எங்க மச்சான் அப்படிப்பட்டவர் இல்ல" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீக்கிரம் சொல்.

உன் அக்கா,
பத்தூல்


டாஞ்சியர்
19 அக்டோபர் 1954

அக்காவுக்கு மெக்கியின் ஸலாம்.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. புவஸ்ஸாவைச் சோதனைச் சாவடியில் பிடித்துவைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கடிதத்தைத் தலைப்பாகை மடிப்பில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதைத்தான் முதலில் படித்தேன். மச்சான் ஆடு மாதிரி இருமியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அக்டோபர் கடிதத்தைப் பிரித்தேன்.

அன்று மாலைக்குள் துறைமுகம்வரை அலைந்தேன். என் அறைக்கு வந்த அந்த இருவரும் இங்கே இல்லை, தெற்கே போய்விட்டார்கள். அவர்களை அறிந்த ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். செய்தி போய்ச் சேரும். ஆனால் எப்போது சேரும் என்று எனக்குத் தெரியாது.

மச்சானை உடனே இங்கே அனுப்பிவிடு. தயவுசெய்து. உடுத்திய துணியோடு வரட்டும். சந்தைப் பக்கம் போக வேண்டாம், தனியாக நடக்க வேண்டாம். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்காதே.

மெக்கி


சலே
1 நவம்பர் 1954

தம்பிக்கு அக்காவின் ஸலாம். நலம்.

உன் மச்சான் வரமாட்டார். "ஓடினா அறுத்ததா ஆயிடும்" என்கிறார். தினமும் தோட்டத்துக்குப் போய் கொம்பொடிஞ்சானுக்குப் பார்லி வைத்துவிட்டு, அவன் முன்னால் உட்கார்ந்து வருகிறார். நேற்று கேட்டேன், "அவன்கிட்ட என்ன அப்படிப் பேச்சு?" "ஒன்னுமில்ல. நம்ம தெருவுல எனக்காகச் சாட்சி சொல்ல அவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார்.

அல்ஜீரியாவில் ஏதோ தொடங்கிவிட்டது என்று இன்று வானொலியில் சொன்னார்களாம். தெருவில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். எங்களைக் கண்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்ப்பது கொடுமை தம்பி.

ஒன்று கேட்கிறேன். அந்த இருவர் உன் அறையில் என்ன கேட்டார்கள்? நீ என்ன சொன்னாய்? உன் செப்டம்பர் கடிதம் பிந்தித்தான் வந்தது, அதில் தேநீர் குடித்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

பத்தூல்


சலே
19 நவம்பர் 1954

தம்பி மெக்கிக்கு.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று சுல்தான் பட்டமேறிய நாள். கொண்டாடக் கூடாது என்று தடை. மூலைக்கு மூலை சிப்பாய்கள். உன் மச்சான் விடிந்ததும் குளித்து, பெருநாளுக்கென்று வைத்திருந்த வெள்ளை ஜெல்லாபா அங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பத்து மணி இருக்கும். தெருக்கோடியில் ஒரே சத்தம். மாடிக்கு ஓடிப் பார்த்தேன்.

நடுத்தெருவில் உன் மச்சான் வந்துகொண்டிருக்கிறார்! கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கொம்பொடிஞ்சான், இரண்டு மடங்கு பெருத்து, கழுத்தில் என் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, ஏதோ அமைச்சர் மாதிரி நடந்து வருகிறான்.

முதலில் ரக்கியாதான் ஜன்னலைத் திறந்தாள். "ஏய்! அது அந்தக் கடாடீ! ஒடிஞ்ச கொம்பப் பாருங்கடீ!" என்று கத்தினாள். அவ்வளவுதான், எல்லா ஜன்னலும் திறந்தன. "உசுரோட இருக்கு! ஜிலாலி அறுக்கல! ஜிலாலி அறுக்கல!" ஒரு மாடியில் குலவை கிளம்பியது. அது அடுத்த மாடிக்குத் தாவியது. ஊர்ச் சுவர்வரை போனது. சிப்பாய்களுக்கு எங்கே சுடுவது, யாரைச் சுடுவது என்று தெரியவில்லை. ஆடு ஓட்டிப் போகக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லையே!

அடுப்புக்கார அல்லால் மாவுக் கையோடு ஓடிவந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டான். "அடப்பாவி மனுசா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பியா? அதான் ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் உன் மச்சான்.

அப்போது அடுப்பு மூலையில் நின்ற ஓர் இளைஞன் முன்னால் வந்தான். முக்காடு போட்டிருந்தான், வலது கை ஜெல்லாபாவுக்குள் இருந்தது. நான் கீழே இறங்கி ஓடினேன். அவன் கையை மெதுவாக வெளியே எடுத்தான். வெறுங்கை. அதைக் கடாவின் தலையில் வைத்துத் தடவினான். பிறகு உன் மச்சானும் நானும் கேட்கும்படி சொன்னான்:

"இன்னைக்கு உங்களுக்காகத்தான் நின்னுட்டிருந்தேன். டாஞ்சியர்ல உங்க மச்சினரைக் கேட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். 'எங்க மச்சான் அப்படிச் செய்யமாட்டார்'னு ஒரு வார்த்தை சொல்வார்னு பாத்தோம். அவரு வாயே தெறக்கலையாம். டீ ஊத்திக் குடுத்தாராம், அவ்வளவுதான். அதனாலதான் நாங்களும் நம்பிட்டோம்."

உன் மச்சான் கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் ஆபீஸ் வாசலுக்கு நடந்தார். தெருவே பின்னால் போனது. "உங்க கடாவத் திருப்பிக் குடுக்க வந்தேன். எங்களுக்குத் தேவப்படல" என்று சொல்லிக் கயிற்றை வாசல் கம்பியில் கட்டினார். அங்கேயே விலங்கு போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை. வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இன்று காலை அதிகாரி வீட்டுச் சமையல்காரன் கொம்பொடிஞ்சானை அறுத்துவிட்டான். அவர்கள் மாடியிலிருந்து புகை எழும்பியது. தெருவே நின்று அதைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் அழுதேன்.

வீடு நிறைய ரொட்டி. பத்து வீட்டு ரொட்டி.

உன்னைப் பற்றி அந்த இளைஞன் சொன்னதைக் கேட்டது கேட்டபடி எழுதியிருக்கிறேன். அதற்குமேல் எனக்கு எழுத ஒன்றுமில்லை.


டாஞ்சியர்
23 டிசம்பர் 1954

என் அக்கா பத்தூலுக்கு மெக்கி ஸலாம் சொல்லி எழுதுவது. நலமா? மச்சானைப் பற்றிச் செய்தி உண்டா?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மச்சான் கடாவை நடத்திவந்த கதை உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. காப்பிக் கடையில் ஒரு கிழவர் எழுந்து அவர் நடையை நடித்துக் காட்டினார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "வாத்தியாரோட மச்சான்!" என்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நியூயார்க்கில் உலக நாடுகளின் சபை நம் விஷயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டது. பிரெஞ்சுக்காரரின் முகம் கோணக் கூடாது என்கிறார்கள் அமெரிக்கர்கள். அமெரிக்கர்களின் முகம் கோண வேண்டும் என்கிறார்கள் ரஷ்யர்கள். நம் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சபைக்காரர்கள் மச்சானுக்குப் பின்னால் ஒரு தெருவாவது நடந்து பார்க்கட்டும்.

அக்கா, உனக்கு விளக்க ஓர் உதாரணம் எழுதத் தொடங்கினேன். ஓர் ஆசிரியர், ஒரு நல்ல மாணவன், யாரோ சொன்ன ஒரு கோள். பாதியில் கிழித்துவிட்டேன். அன்று அவர்கள் கேட்டபோது நான் ஏன் தேநீர்க் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீ கேட்கலாம். கேள் அக்கா. நீ கேட்பதே எனக்குப் போதும்.

மெக்கி


டாஞ்சியர்
10 அக்டோபர் 1955

அக்காவுக்கு மெக்கியின் ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை இந்த வருஷம் எத்தனை கடிதத்தில் கேட்டேன் என்று புவஸ்ஸாவுக்குத்தான் தெரியும். "அக்கா வாங்கிக்கிட்டாங்க, உள்ள வெச்சாங்க, ஒன்னும் சொல்லல" என்கிறார் ஒவ்வொரு தடவையும். வாங்கிக்கொள்கிறாயே, அதுவே எனக்குப் பெரிது.

மச்சான் தெற்கே ஒரு முகாமில் கல் உடைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கம்பளியும் சர்க்கரையும் அனுப்பினேன். சேர்ந்ததா தெரியாது.

அக்கா, முடியப்போகிறது! சுல்தானிடமே பேச ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கிழவர் அரண்மனையை விட்டே போய்விட்டார். இங்கே முன்பின் தெரியாதவர்கள் தெருவில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எல்லை திறந்தால் நான் ஊருக்கு வரலாம். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நீ வா என்று சொல்லாமல் வரமாட்டேன்.

மெக்கி


சலே
17 நவம்பர் 1955

மாப்பிள்ளை மெக்கிக்கு, உன் மச்சான் ஜிலாலி ஸலாம் சொல்லி எழுதுவது. நலம். கை காய்த்துப்போயிருக்கிறது, அதனால் எழுத்து கோணல். வாத்தியார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் எங்களை லாரியில் ஏற்றிவந்து ஊர் வாசலில் உதறிவிட்டுப் போனார்கள். நீ அனுப்பிய சர்க்கரை வந்தது. கம்பளி வரவில்லை, காவலாளிக்குப் பிடித்துவிட்டது.

நேற்று சுல்தான் வந்து இறங்கினார். விமானம் இறங்கும் திடல் நம் ஊர்ப்பக்கம்தானே, ரபாத்துக்குப் போக நம் மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும். மலையிலிருந்தெல்லாம் ஜனம் மூன்று நாளாக வந்து மதில்மேல், மரத்தின்மேல், லாரிகளின் தலைமேல் காத்துக்கிடந்தது. ரக்கியா ஒரு பால் வண்டியின் கூரையில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள். ஜனத்தை ஒழுங்குபடுத்தத் தெரு என்னை நிறுத்தியது. பச்சைத் துணியைக் கையில் கட்டி ஒரு கயிற்றையும் கொடுத்தார்கள். மறுமுனையைப் பிடித்தவன் யார் தெரியுமா? அன்று அடுப்பு மூலையில் எனக்காக நின்றானே, அவனேதான். "இறுக்கிப் பிடிடா, என்னைச் சுட வந்தப்ப கை இப்படித்தான் ஆடுச்சா?" என்றேன். சிரித்துச் சிரித்துக் கயிற்றை விட்டுவிட்டான். கார் வந்தது. எவன் கயிற்றைப் பார்த்தான்! கயிறு போனது, என் ஒற்றைச் செருப்பு போனது, பால் வண்டியின் கூரை போனது. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை அசைந்ததை மட்டும் பார்த்தேன். உன் அக்கா அதைக்கூடப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர்.

இனி நம் விஷயம்.

ஆட்டைப் பற்றி முகாமில் பிரெஞ்சுக்காரர்கள் என்னை ஒரு நாள்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் அவர்களுக்கே வெட்கம். மீதி நாளெல்லாம் உன்னைப் பற்றித்தான். டாஞ்சியரில் எந்தத் தெரு, கூட்டாளி யார், கடிதம் யார் கையில் வருகிறது? யார் எங்கே இருக்கிறார் என்று சொல்வதுதானே மாப்பிள்ளை என் தொழில். பதினெட்டு வருஷம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அங்கே மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பல் இரண்டு போயிற்று.

உன்னிடம் என்னைப் பற்றிக் கேட்டார்கள், நீ பேசவில்லை. என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டார்கள், நானும் பேசவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்கிறாள் உன் அக்கா. அவள் உனக்கு எழுதாததற்குக் காரணம் அதுதான், உனக்கே தெரியும். எனக்கும் கோபம் இருந்தது. கல் உடைக்கும்போது அது உதவியாக இருந்தது. சில கல்லுக்கு உன் பெயர் வைத்தே உடைத்தேன். இப்போது கல் தீர்ந்துவிட்டது.

இதற்குப் பதிலாக நீ ஓர் உதாரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. அவளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. அதைக் கடிதத்தில் சொல்லாதே, நேரில் வந்து சொல். அவள் கத்துவாள். கத்தட்டும்.

வா என்று எழுதட்டுமா என்று காலையில் அவளைக் கேட்டேன். அப்போதிருந்து மாடி அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறாள். "யாருக்கு?" என்றேன். "சுவருக்கு" என்றாள்.

முதல் பஸ்ஸில் ஏறு.

உன் மச்சான்,
ஜிலாலி